மளிகைச் சீட்டும் மின்பேனாவும்: பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடையில் காத்து நிற்கும் நேரம் குறைந்த வரலாற்றை எழுதுவோர் பட்டைக் குறியீட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்றின் மேலிருந்த கோடுகளை ஒளிக்கருவி படித்து விலை சொன்னதே முதல் நிகழ்வு என்பார்கள். பாபநாசம் போன்ற காவிரிப் படுகை ஊருக்கு இந்தத் தொடக்கம் பொருந்தாது. இங்கே பருப்பும் மிளகாயும் புளியும் சாக்கிலிருந்து அள்ளி, எடைபோட்டு, தாளில் மடித்துக் கட்டப்பட்டவை. உறையே இல்லாத பொருளில் கோட்டை எங்கே அச்சிடுவது? இந்த வட்டாரத்தில் கடை நேரத்தை முதலில் மிச்சப்படுத்தியது, வீட்டிலேயே எழுதி எடுத்துவந்த மளிகைச் சீட்டு. மின்பேனாத் தொழில்நுட்பம் அந்தச் சீட்டைக் கைவிடாமல் கணினிக்குள் கொண்டுபோக முயன்றது. நியாயவிலைக் கடைக்கு வந்த இயந்திரமோ சீட்டுக்கு இடமே வைக்கவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வரிசை எங்கே சுருங்கியது, எங்கே மறுபடி நீண்டது என்பது விளங்கும்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள பாபநாசம், பொருளை அளந்து கணக்கெழுதும் பழக்கத்தில் மூத்த ஊர். (பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசம் வேறு.) திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அது 3,000 கலம் நெல் கொள்ளும். ஒரு கலம் 12 மரக்கால். அவ்வளவு நெல் உள்ளே போகவும் வெளியே வரவும் கணக்கர் வேண்டும். இன்னும் 600 ஆண்டு பின்னே போனால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படையலுக்குரிய அரிசி, பருப்பு, மிளகு, கடுகு, நெய், வெற்றிலை, பாக்கு எல்லாம் அளவோடு வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. வேண்டியதை முன்கூட்டி எழுதி, எழுதியபடி அளந்து கொடுப்பது இந்த மண்ணில் ஆயிரமாண்டு வழக்கம்.

மளிகைக் கடையில் ஒருவர் செலவிடும் நேரத்தில் நான்கு வேலைகள் அடங்கும்: நினைவுபடுத்திக்கொள்வது, சொல்வது, எடைபோட்டுக் கட்டுவது, கணக்கு முடிப்பது. முதல் இரண்டையும் சீட்டு வீட்டோடு முடித்துவிடுகிறது. மூன்றாவது வேலைக்கு வாங்குபவர் கூட நிற்கத் தேவையில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டுக் கும்பகோணத்துக்குப் பேருந்து ஏறிப் போனவர், திரும்பும்போது பையை வாங்கிக்கொள்ளலாம். நான்காவது வேலையைப் பற்று நோட்டு எளிதாக்கியது. படுகை ஊர்களில் அந்தப் பற்று குறுவை அறுவடைக்கோ சம்பா அறுவடைக்கோ தீர்க்கப்பட்டது. கடைக்காரர் அதே சீட்டில் ஒவ்வொரு வரியின் எதிரிலும் விலையை எழுதி, கீழே கூட்டிப் போடுவார். வாங்குபவர் கேட்டதும் கடைக்காரர் கொடுத்ததும் ஒரே தாளில் இருப்பதால், வீட்டுக்குப் போய்ப் பொட்டலங்களைச் சரிபார்க்க வேறு சான்று தேவைப்படவில்லை. ஆர்டர், பட்டியல், ரசீது என்று மூன்று தாள்கள் செய்யும் வேலையை ஒரு தாள் செய்தது. இந்தச் சிக்கனத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

அரசும் கூட்டுறவும் இந்தக் களத்துக்குள் வந்தபோது எழுதும் கை மாறியது. 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் கூட்டுறவுக்கு வழிகாட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு நிர்ணயித்தது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் பொது விநியோகம் மீண்டும் வளர்ந்து, 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பயனாளிகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தையே தொடர்ந்தது. எல்லோருக்கும் உண்டு என்றால் வரிசையும் எல்லோருக்கும் உண்டு. குடும்ப அட்டையின் மாதக் கட்டங்களில் விற்பனையாளர் தேதியையும் அளவையும் எழுதுவார், அதையே பதிவேட்டிலும் எழுதுவார், ரசீதிலும் எழுதுவார். கட்டங்கள் தீர்ந்தபின் அட்டையில் உள்தாள் ஒட்டி ஆண்டாண்டாக நீட்டித்தார்கள். தாமதம் மிகுந்திருந்தாலும், தனக்கு என்ன கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்பதைக் குடும்பத்தார் தம் கையிலிருந்த அட்டையிலேயே பார்க்க முடிந்தது.

உலகின் வேறொரு மூலையில், எழுதும் தாளையே கணினிக்கு வாசலாக்கும் முயற்சி நடந்தது. சுவீடனின் அனோட்டோ நிறுவனம் தாளில் கண்ணுக்கு எளிதில் படாத நுண்புள்ளிகளை அச்சிட்டது. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளிக் கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் மேலே, கீழே, இடம், வலம் என ஏதோ ஒரு பக்கம் சற்றே விலகியிருக்கும். பேனா முனையருகே உள்ள சிறு கேமரா அந்த விலகல்களைப் படித்து, தான் எந்தத் தாளில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கணக்கிடும். மையும் தாளில் விழும். கையசைவும் பேனாவின் நினைவகத்தில் பதியும். 2002இல் லாஜிடெக் இத்தகைய பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008இல் லைவ்ஸ்கிரைப் பேனா வந்தது. மளிகைக்கு இதைப் பொருத்தினால், அடுப்படியில் எழுதிய சீட்டு கடைக்கு முன்னதாகவே போய்ச் சேரும்; கடையின் அடுக்கு வரிசைக்கு ஏற்பப் பொருள்கள் மாற்றி அடுக்கப்படும்; ஒரே அலமாரிக்கு இரண்டு முறை நடக்க வேண்டியதில்லை. எழுதும் பழக்கத்தை யாரும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே இதன் பெரிய பலம்.

தமிழில் இது நடக்க, கையெழுத்தைக் கணினி படிக்க வேண்டும். பெங்களூரில் இயங்கிய எச்.பி. லேப்ஸ் இந்தியா தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டி வெளியிட்டது. அவற்றை வைத்து 2006இல் பன்னாட்டு ஆய்வரங்கு ஒன்றையொட்டித் தமிழ் எழுத்தறிதல் போட்டி நடந்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியாகக் கற்பிக்காமல், கொம்பையும் காலையும் பிரித்து 156 வடிவங்களாகச் சுருக்கினார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு முழுச் சொற்களைப் படிக்கும் ஆய்வைத் தொடர்ந்தது. இவை அருமையான பணிகள். ஆனால் மளிகைச் சீட்டுக்கென்று தனி இலக்கணம் உண்டு. தலையில் பிள்ளையார் சுழி. முதல் வரியில் மங்கலமாக மஞ்சள். அதன் கீழே ‘து.ப. 1’, ‘உ.ப. ½’, ‘க.ப. ¼’, ‘ந.எண்ணெய் 1’ என்று சுருக்கங்கள். ‘உ.ப.’ என்றால் முழு உளுந்தா உடைத்ததா என்பது அந்த வீட்டில் இட்லிக்கு என்ன போடுவார்கள் என்று அறிந்த கடைக்காரருக்குத்தான் தெரியும். பிள்ளையார் சுழியை உயிரெழுத்தாகப் படிக்கும் கணினிக்கு இந்த உறவைக் கற்பிக்க 156 வடிவங்கள் போதாது.

தனிப் பேனாவும் தனித் தாளும் வாங்கும் செலவு வேறு. அந்தச் செலவைத் தவிர்த்துக் காகிதத்தைக் காக்க இந்தியாவிலேயே நல்ல முயற்சிகள் நடந்தன. 2000களின் நடுவில் தபன் பாரிக், தமிழ்நாட்டுச் சுய உதவிக் குழுக்களின் கணக்குக்காக, காகிதப் படிவத்தில் அச்சிட்ட குறியீடுகளைக் கைப்பேசிக் கேமரா படிக்கும் முறையை உருவாக்கினார். 2010இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வாளர்கள் மின்பலகை மேல் கணக்குத் தாளை வைத்துப் பேனாவால் எழுதும் முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். மளிகையில் இதே வேலையை இன்று வாட்ஸ்அப் செய்கிறது. சீட்டை எழுதிப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பினால் போதும். எழுத்தைப் படிப்பவர் பழகிய கடைக்காரர். ஆகவே சுருக்கங்கள் சிக்கலாவதில்லை. பணம் 2016இல் வந்த யுபிஐ வழியே போய்ச் சேர்கிறது. மின்பேனா தருவதாகச் சொன்ன பயனை, மின்பேனா இல்லாமலே தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அடைந்துவிட்டன என்றே இதைக் கொள்ள வேண்டும்.

நியாயவிலைக் கடையின் கதை வேறு திசையில் போனது. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் அட்டை வந்தது. விற்பனை முனையக் கருவி அட்டையின் குறியீட்டைப் படிக்க, குறுஞ்செய்தி ரசீதாயிற்று. மூன்று இடத்தில் எழுதும் சுமை ஒழிந்தது. இது மெய்யான முன்னேற்றம். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு விரல்ரேகைப் பதிவு பரவியது. நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் விழுவதில்லை. கண் கருவிழிப் பதிவு பின்னர் சேர்ந்தது. 2025இல் எடைத்தராசு கருவியோடு இணைக்கப்பட்டது. சரியான எடை விழுந்தால்தான் பில் வரும். எடை மோசடியைத் தடுக்க இது அவசியம், ஐயமில்லை. ஆனால் அரிசி, சர்க்கரை, பருப்பு என்று ஒவ்வொன்றாக, அட்டைதாரர் எதிரில் நிற்க, தராசில் வைத்து எடுக்க வேண்டியதாயிற்று. வரிசை நீள்வதைக் கடை ஊழியர்களே சுட்டிக்காட்டினார்கள்.

இதே கடைகளில் வரிசை சட்டென்று சுருங்கிய காலமும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. எந்தக் கருவியும் மாறவில்லை. வேலையில் ஒரு பகுதி கடைக்கு வெளியே, முன்கூட்டியே முடிந்தது, அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் தொடங்கிய முதல்வரின் தாயுமானவர் திட்டமும், 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே அனுப்பி, அவர்களை வரிசையிலிருந்து விடுவித்தது.

மற்ற அட்டைதாரர்களுக்கும் வழி இருக்கிறது. இம்மாதம் எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நாள் என்பதை முதல் நாளே கைச்சீட்டாகவோ, அதன் படமாகவோ, குறுஞ்செய்தியாகவோ கடைக்குக் கொடுக்க இடம் வேண்டும். கட்டுநர் காலையிலேயே இணைத்த தராசில் எடைபோட்டுப் பையில் கட்டி, எடைச் சீட்டை ஒட்டி வைக்கலாம். அட்டைதாரர் வந்ததும் ரேகை வைத்து வாங்கிக்கொள்வது மட்டுமே மிஞ்சும்; ஐயமிருந்தால் பையை அங்கேயே மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். கூட்டுறவுத் துறையும் உணவுப்பொருள் வழங்கல் துறையும் இதைப் பாபநாசம் வட்டத்துக் கடைகள் சிலவற்றில், நடவுக் கூலி நாளை இழந்து பெண்கள் வரிசையில் நிற்க நேரும் மாதங்களில், முதலில் செய்து பார்க்க வேண்டும்.