கொடையாளர் இட்ட பெயர்கள்



கோடைக்காலம் வந்துவிட்டால் நம் மலைக்குப் பழைய மாணவர்களும் வந்துவிடுகிறார்கள். தலை நரைத்தவர்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள், விடுதி வாசலை மிதித்தவுடன் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். செண்பகனூரில் 1895 முதல் நிற்கும் இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரியைப் பார்த்துவிட்டு, தாம் படித்த பள்ளியையும் பார்த்து, ஒரு நாள் கூடி உண்டு, இறுதியில் ஏழைப் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கென ஒரு நிதியைத் தொடங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒரு பேச்சு எழும்புகிறது: கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் பொறிப்பதா, வேண்டாமா? எந்தப் பிள்ளைக்கு எவருடைய பணம் என்று பிரித்துக் காட்டுவதா?

இந்தக் கேள்வி புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இது எழுந்தது. அந்த வரலாறு நமக்கும் உரியதே. 1834 ஆம் ஆண்டு ஹொய்சிங்டன், டாட் என்னும் இரு மிஷனெரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தபோதுதான் அமெரிக்க மதுரை மிஷன் பிறந்தது. அந்த மிஷனைச் சேர்ந்தவர்களே 1845 இல், சமவெளியின் நோய்களுக்குத் தப்பும்படி, கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஆகவே நம் மலைச் சபையின் வேரைத் தோண்டிப் பார்ப்பவர் வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேருவார்.

வட்டுக்கோட்டை செமினரி 1823 இல் டேனியல் பூர் ஐயரின் தலைமையில் தொடங்கப்பட்டது. ஆண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. கல்லூரி என்று பெயரிடவே அவர்கள் விரும்பினார்கள். அமெரிக்கர் அங்கே கல்லூரி நடத்துவதை ஆங்கிலேய ஆளுநர் விரும்பவில்லை. ஆகவே செமினரி என்னும் எளிய பெயரோடு நின்றுகொண்டார்கள். பாடங்களோ எளியவை அல்ல. ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானசாஸ்திரமும், தர்க்கமும் வேதபாடமும் அங்கே கற்பிக்கப்பட்டன.

பிள்ளைகளுக்குச் சோறிட்டவர்கள் யார்? பெருஞ்செல்வர்கள் அல்லர். அமெரிக்காவின் சிற்றூர்ச் சபைகள், பெண்கள் சங்கங்கள், தனித்தனிக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை அனுப்பின. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட கொடையாளருக்கு அப்பிள்ளைக்கு ஒரு பெயரைத் தெரிந்துகொடுக்கும் உரிமை இருந்தது. தங்கள் போதகரின் பெயரை, மதிப்புக்குரிய ஊழியரின் பெயரை, பிரிந்துபோன அன்பரின் பெயரை அனுப்பினார்கள். இப்படியாகத்தான் யாழ்ப்பாணத்துப் பனைமரங்களுக்கு நடுவே ஹென்றி மார்ட்டின்களும் சேத் பேசன்களும் வில்லியம் நெவின்ஸ்களும் தோன்றினார்கள். 1841 இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் என்று படிக்கிறவர் இருவரையும் வெள்ளைக்காரர் என்றே எண்ணுவார். இருவரும் அந்தச் செமினரியில் படித்த தமிழர்கள். பின்னாளில் அதே பத்திரிகையை நடத்தி, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கும் ஆர்னல்டு என்றொரு பெயர் உண்டு.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் தானியேலின் புத்தகம் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். யூதாவின் வாலிபர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அரண்மனைச் செலவில் அந்நியரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். அவர்களுக்குப் புதுப்பெயர்கள் இடப்பட்டன. தானியேல் அந்தப் பெயரை மறுத்ததாக வேதத்தில் இல்லை. அரசனுடைய போஜனத்தையே மறுத்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் தொடக்க நாட்களில் மிஷன் வளாகத்துக்குள் சமைத்த உணவை உண்ண மறுத்தார்கள். வளாகத்துக்கு வெளியே சமையலிடம் அமைக்கவேண்டியதாயிற்று. காரணம் சாதி ஆசாரம். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் அந்நியரின் பணத்தில் படிக்கும் பிள்ளை, தன்னுடையது என்று எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறான் என்பது இரண்டிலும் தெரிகிறது.

கொடுக்கிறவரை மட்டும் நம்பி நிற்பதில் உள்ள ஆபத்தும் விரைவில் வெளிப்பட்டது. 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. பணம் வருவது குறைந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மிஷன் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்கில் நேர்ந்த ஒரு நெருக்கடி, அந்த ஊரின் பெயரையே கேட்டறியாத ஒரு குழந்தையின் கையிலிருந்த ஏட்டைப் பறித்துக்கொண்டது.

அடுத்த அடி 1855 இல் விழுந்தது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் அவ்வாண்டு மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் பார்வையிட வந்தார். சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்கி, தம்மைத் தாமே ஆண்டு, தாமே நற்செய்தியைப் பரப்பவேண்டும் என்று போதித்தவர் அவர். அந்தக் கொள்கைக்கு நாம் மிகவும் கடன்பட்டவர்கள். ஆனால் செமினரியைக் குறித்து அவருடைய கணக்கு கடுமையாயிருந்தது. ஊழியர்களை உருவாக்குவதற்கென்று கொடுக்கப்பட்ட பணத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் உருவாகிறார்கள்; படித்தவர்களில் பலர் சைவத்திலேயே நிற்கிறார்கள் அல்லது அதற்கே திரும்புகிறார்கள்; ஆங்கிலமே எல்லாரையும் இழுக்கிறது. செமினரி மூடப்பட்டது. பூர் ஐயர் அதே ஆண்டின் தொடக்கத்தில் மானிப்பாயில் காலராவினால் மரித்திருந்தார்.

ஆண்டர்சன் சொன்னவை பெரும்பாலும் மெய்யே. இருந்தும் அவர் தவறான நேரத்தில் அறுவடையைக் கணக்கிட்டார் என்றே நான் எண்ணுகிறேன். இரண்டே ஆண்டுகளில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பிள்ளைகள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பின்னாளில் அச்சேற்றித் தமிழருக்குத் திரும்பக் கொடுத்தவர் அந்தச் சி. வை. தாமோதரம்பிள்ளைதான். பாஸ்டனில் உண்டியலில் காசு போட்ட ஒரு விதவை இதற்காகவா கொடுத்தாள்? இல்லை. ஆனாலும் அவளுடைய காசு இதற்கும் உதவிற்று.

இனி, பழைய மாணவர்களிடம் வருகிறேன். பள்ளியின் கட்டிடங்கள் வெறுமையாய் நின்றன. கூடிப் பழங்கதை பேசிக் கலைந்திருந்தால் எவரும் அவர்களைக் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். 1867 முதல், அவர்களும் ஊரின் பெரியோரும் சேர்ந்து, உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்று முயன்றார்கள். இம்முறை கேட்டவர்கள் தாங்களும் கொடுக்க முன்வந்தார்கள். உள்ளூரிலும் அமெரிக்காவிலும் மூலதன நிதி சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் வரும் கொடை எந்த ஆண்டிலும் நின்றுபோகலாம் என்பதை 1837 கற்பித்திருந்தது. ஆகவே முதலைத் தொடாமல் வட்டியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏற்பாட்டை நாடினார்கள். 1872 ஜூலை 3 ஆம் நாள், பழைய செமினரி வளாகத்திலேயே, ஹேஸ்டிங்ஸ் ஐயரை முதல்வராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியின் நிதிக்கென்று அமெரிக்காவில் ஓர் அறங்காவலர் குழுவும் ஏற்பட்டது. இம்முறை எந்தப் பிள்ளைக்கும் கொடையாளர் பெயரிட்டு ஆளவேண்டிய தேவை இல்லை. பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது.

பெயர் பெற்ற பிள்ளைகள் கொடையாளர் எண்ணிய திசையில் மட்டும் நடக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வில்லியம் நெவின்ஸ் என்ற பெயரைத் தாங்கிய சிதம்பரப்பிள்ளை நடத்திவந்த பள்ளியே 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. அமெரிக்கப் போதகர் ஒருவரின் பெயர் ஒரு சைவக் கல்விச்சாலையின் தொடக்கத்தில் நிற்கிறது. இதைக் கேட்டு வருந்துகிறவர்கள் நம்மிலும் இருப்பீர்கள். எனக்கோ, தான் பெற்றதைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வட்டுக்கோட்டையின் விடுதியிலேதான் பிறந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தாமோதரம்பிள்ளைக்கும் செமினரியில் ஒரு பெயர் இருந்தது: கிங்ஸ்பரி. அவர் அதைத் துறந்து சைவராகவே வாழ்ந்து 1901 இல் மறைந்தார். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானபோது, தந்தை விட்ட பெயரைத் தாம் எடுத்துக்கொண்டு பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் போதித்தார். அங்கே தம் உடன் ஊழியரான பிலிப்ஸ் ஐயரோடு சேர்ந்து, தேவார திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த நூல் 1921 இல் வெளியாயிற்று. அதன் முகப்பில் கிங்ஸ்பரி என்ற பெயர் இருக்கிறது.