வைரம் பாய எத்தனை வருசம்?

இங்கே வந்து படிக்கிற நகரத்து நண்பர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கிற கேள்வி இதுதான்: "ஊர்ல ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்குதுங்க. தேக்கு வச்சுட்டா எத்தனை வருசத்துல வெட்டலாம்?" கேட்கும்போதே பதினஞ்சு, இருபது என்று ஒரு கணக்கும் கையில் வைத்திருப்பார்கள். நாற்று விற்றவர் சொன்ன கணக்கு அது. என் வரப்பிலும் தேக்கு நிற்கிறது. ஆனாலும் இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல எனக்கு வராது. ஏன் என்று சொல்லணும்னா, இருநூறு வருசம் பின்னால போகணும்.

அப்போது வெள்ளைக்காரனுக்குத் தேக்கு என்றால் கப்பல். மலபார் தேக்கில் பம்பாயில் கட்டி 1817ல் தண்ணீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று, திருகோணமலையின் பெயரைத் தாங்கியது, இங்கிலாந்தில் ஹார்டில்பூல் என்ற ஊரில் இன்னும் மிதந்துகொண்டு இருக்கிறது. அப்பேர்ப்பட்ட மரத்தை விடுவார்களா? மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க வெட்டினார்கள். எங்க பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில், வெட்டின கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட உச்சிக்குத்தான் டாப் ஸ்லிப் என்று பெயர் வந்தது. வெட்டுவதற்கு ஆள் இருந்தது, யானை இருந்தது. நடுவதற்குத்தான் யாரும் இல்லை.

1840களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலிக்கு இது உறுத்தியிருக்கிறது. மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த ஜில்லா. நிலம்பூரில் இடம் பிடித்துத் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். முதல் முயற்சிகள் தோற்றுப்போயின. விதை முளைக்கவே இல்லை. தேக்கு விதைக்கு ஓடு அவ்வளவு கெட்டி. இன்றைக்கும் நாங்கள் ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படியே பல நாள் மாற்றி மாற்றிச் செய்துதான் பாத்தியில் போடுகிறோம். நிலம்பூரில் நாற்று எழும்பியதும், அந்த வேலையைத் தலைமேல் போட்டுச் செய்தவர் சாத்து மேனன் என்ற வன அதிகாரி. ஏறத்தாழ இருபது வருசத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் தேக்கு நட்டுவிட்டார். கனோலி 1855ல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். அவர் நட்டதில் மூத்த மரத்துக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசுதான் இருக்கும். அந்த நடவில் ஐந்தரை ஏக்கர் சொச்சம், சாலியாற்றங்கரையில் 'கனோலி பிளாட்' என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. கூடலூர் வழியாக இறங்கினால் பார்த்துவிட்டு வரலாம்.

இனி மரத்துக்குள்ளே போவோம். தேக்கு மாசி, பங்குனியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மழை விழுந்து துளிர்க்கும்போது முதலில் பெரிய பெரிய துளைகளோடு கட்டை வைக்கும், போகப்போகத் துளை சிறுத்து கட்டை இறுகும். அடுத்த வருசம் மறுபடியும் பெரிய துளை. அதனால் வெட்டுமுகத்தில் வருசத்துக்கு ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். நடுவில் மழை ஏமாற்றினால் சில சமயம் பொய் வளையமும் விழும். வெப்ப நாட்டு மரங்களில் இப்படி எண்ணிப் பார்க்கத் தோதாக வளையம் வைப்பவை குறைவு. நல்ல மழை வருசத்தில் அகலம், வறட்சியில் ஒடுக்கம். ஜாவாவில் பெர்லாகே என்பவர் 1931லேயே இப்படி எண்ணி, 1514 முதல் 1929 வரை வரிசை கட்டினார். கேரளத்துக் காட்டுத் தேக்குகளை வைத்து, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2010ல் வெளியிட்ட வரிசை 1481ல் தொடங்கி 2003 வரை போகிறது. மொத்தம் 523 வருசம்! எல் நினோ வந்து பருவமழை பொய்த்த காலங்கள் அதில் ஒடுங்கிய வளையங்களாகப் பதிந்திருக்கின்றன. மழைமானி வருவதற்கு முன்பே மரம் கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

வளையம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆசாரி பார்ப்பது வைரத்தை. தொல்காப்பியம் மரபியலில், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். பனையை அறுத்தால் வெளிப்பக்கம்தான் இரும்பு, நடுவில் சோறு. தேக்கு அதற்கு நேர் எதிர். வெளியே நீர் ஓடுகிற வெள்ளைக் கட்டை. உள்ளே இருக்கும் உயிரணுக்கள் வருசம் போகப்போகச் செத்து, சாகும்போது எண்ணெய்ப்பசையும் வேறு சில சத்துகளையும் கட்டைக்குள் விட்டுவிட்டுப் போகின்றன. அதில் ஒன்று டெக்டோகுயினோன். கரையான் அண்டாமல் இருப்பது அதனால்தான். வெள்ளைக் கட்டையில் இது கிடையாது, கரையான் விருந்துக்கு வந்துவிடும்.

தண்ணீரும் எருவும் கொடுத்து வேகமாக வளர்த்த தேக்கு சோடை என்று ஊரில் சொல்லுவாங்க. அது முழு உண்மை இல்லை. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்துப் பார்த்ததில், இளம் தேக்கின் கனமும் பலமும் முதிர்ந்த மரத்தைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. குறைவது வைரத்தின் பங்கு. உளுத்துப்போகாமல் தாங்கும் சக்தியும் இளம் கட்டையில் குறைவு. ஆக, சுற்றளவை நாம் விரட்டலாம், பலமும் கூடவே வந்துவிடும். வைரத்தை மட்டும் அந்த வேகத்துக்கு விரட்ட முடியாது.

1990களில் பத்திரிகையைத் திறந்தால் தேக்குத் தோட்ட விளம்பரம்தான். சில ஆயிரம் கட்டினால் இருபது வருசத்தில் லட்சங்கள் என்றார்கள். எத்தனையோ குடும்பங்கள், முக்கால்வாசி நகரத்துக்காரர்கள், ஓய்வுக்காலப் பணத்தைக் கட்டி இழந்தார்கள். விளம்பரத்தில் போட்டது கனோலி தோட்டத்து மரத்தின் விலை. வளர்ந்திருக்கக்கூடியது இருபது வருசத்து மரம். அந்தக் கட்டையில் வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று விளம்பரத்தில் ஒரு வரி இல்லை.

அதனால் நடுங்க, வேண்டாம்னு சொல்லல. வரப்பில், வேலி ஓரத்தில், மண் ஆழமாகவும் தண்ணீர் தேங்காமலும் இருக்கிற இடத்தில் வையுங்கள். பதினஞ்சு வருசத்தில் நெருக்கத்தைக் கலைத்து எடுக்கிற மரம் கைச்செலவுக்கு ஆகும், சட்டம், பலகைக்குப் போகும். நிலைக்கதவுக்கு ஆகிற மரம் வேண்டுமென்றால் உங்கள் பிள்ளையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வியாபாரி வந்து சுற்றளவை மட்டும் அளந்து விலை பேசினால், முன்னால் வெட்டின மரத்தின் அடிக்கட்டை ஒன்றை நீங்களே துடைத்துப் பாருங்கள். பழுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று அது காட்டிவிடும்.