ஒரே ஆலைச் சங்கொலியை நம்பும் கடன்கள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் குழுப் பொறுப்பின் எல்லை

சிறுகடன் ஏழைக் குடும்பத்தைத் தொழிலில் நிலைநிறுத்தும் என்னும் வாதத்துக்குள் பேசப்படாத எடுகோள் ஒன்று இருக்கிறது: கடன் பெற்றவர் விற்பதை வாங்க ஆள் இருப்பார் என்பதே அது. கடனால் முதல் கிடைக்கும், வாடிக்கையாளர் கிடைப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் அந்த வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுக்கடனின் அடிப்படை ஏற்பாடே மறுபரிசீலனைக்கு உரியதாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடன் தானாகத் தொழிலை வளர்த்துவிடுவதில்லை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ஐதராபாத்தின் 104 குடியிருப்புகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தொழில் நடத்தியோரின் முதலீடு கூடியது. குடும்பங்களின் மொத்த நுகர்வு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. இடத்துக்கு இடம் சந்தை வேறுபடுவதால், இம்முடிவை அப்படியே காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பொருத்த முடியாது. இங்குள்ள சந்தையைத் தனியே பார்க்க வேண்டும்.

1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை அமைந்தது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ–நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் பெருகின. ஆனால் பெரிய ஆலைகள் தம் தொழிலாளரைத் தாமே பேருந்தில் ஏற்றிவந்து, உள்ளேயே உணவும் தருகின்றன. வாயிலுக்கு வெளியே டிபன் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் மிஞ்சுவோர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், வாடகை அறைகளில் தங்கும் வெளிமாநிலத்தார். உற்பத்தி குறைந்தால் முதலில் வேலையிழப்பவர்களும் இவர்களே. ஆக, கடன் வாங்கிய கடைக்காரரின் வருமானம் ஆலையின் மிகத் தளர்ந்த கண்ணியில் தொங்குகிறது.

குழுக்கடன் இதற்கு நேர்மாறான உலகத்தைக் கருதி வடிவமைக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவருக்கு இடர் வந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள் என்பது கூட்டுப் பொறுப்பின் தருக்கம். ஒருவரின் மாடு சாகலாம், இன்னொருவரின் கணவர் நோயுறலாம். எல்லாருக்கும் ஒரே நாளில் இடி விழாது. வேளாண் ஊரிலும் வறட்சி இந்தத் தருக்கத்தைச் சோதிக்கும் என்பது உண்மை. ஆனால் வறட்சிக்கு நிவாரணம் கேட்கும் மரபும் மழைக்குக் காத்திருக்கும் காலமும் உண்டு. மூடப்பட்ட ஆலைக்கு அடுத்த பருவம் கிடையாது.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் தொடங்கியது. உச்சக் காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். வருமான வரித் தகராறு, கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை விடுபட்டது ஆகியவற்றைத் தொடர்ந்து 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. இத்தகைய நிறுத்தத்தில் டிபன் கடை வைத்தவர், அறை வாடகைக்கு விட்டவர், ஆட்டோ ஓட்டுபவரின் மனைவி ஆகியோர் ஒரே குழுவில் இருந்தால், யார் யாருக்குப் பொறுப்பேற்பது? இடரைப் பகிர அமைத்த குழுவே அப்போது நெருக்கடியைப் பெருக்கும். தவணைக்குப் பணம் தேடுபவர் இறுதியில் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பார்.

ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கான பிணையில்லாக் கடனையே சிறுகடன் என்கிறது. குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் விதிக்கிறது. பயனுள்ள வரம்புதான். ஆனால் அந்த வரம்பு வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்ததே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. நல்ல காலத்தில் அளந்த வருமானம் இத்தடத்தில் ஏமாற்றும்.

ஆலை மூடினால் எந்தக் கடனும் திரும்பாதே, குழுவை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். தனிக்கடனில் நட்டம் கடன் கொடுத்தவருக்கும் பங்காகிறது; கூட்டுப் பொறுப்பில் அது முதலில் அண்டை வீட்டார்மீது விழுகிறது. வேறுபாடு அங்கேதான்.

எனவே மூன்று மாற்றங்கள் தேவை. ஒரே ஆலையை நம்பும் தொழில்களை ஒரே குழுவில் குவிக்காமல் பார்க்க வேண்டும். உற்பத்தி நின்றால் தவணை தானாகத் தள்ளிப்போகும் விதி ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். சேமிப்பை முன்னிறுத்தும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் முறைக்கு, சேமிப்பில்லாக் குழுக்கடனைவிட முன்னுரிமை தர வேண்டும். இவற்றுக்கு விலை உண்டு: கொல்கத்தாவில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்த ஆய்வில் தொழில் முதலீடும் இலாபமும் கூடின, கடன் தவறுதலும் கூடியது. ஆனால் ஆலை நிற்கும் இடரின் விலையை இன்று கடன் பெறும் பெண்களே செலுத்துகிறார்கள். இத்தடத்தின் வளர்ச்சியால் பயன்பெறும் ஆலைகளும் நிதி நிறுவனங்களும் அரசும் அதைப் பகிர வேண்டும்.