கோப்பைத் தரவிறக்காமல் பார்ப்பது: திபெத்திய அகதிகள் கண்ட வழி

ஜனவரி பிறந்தால் ஏப்ரல் 15 வரைக்கும் என் மின்னஞ்சல் பெட்டி மற்றவர்களின் வீட்டு விவரங்களால் நிரம்பிவிடும். எடிசனில் இருந்து ஒருவர் தன் டபிள்யூ-2 படிவத்தை அனுப்புவார். டலஸில் இருந்து ஒருவர் 1099 அனுப்புவார். சன்னிவேலில் இருந்து ஒரு தங்கச்சி, பிள்ளைகளின் சமூகப் பாதுகாப்பு எண்களைக் கைபேசியில் படமெடுத்து, ஒன்றுக்குப் பதிலாக நான்கு தரம் அனுப்புவார். எல்லாம் இணைப்புகளாகவே வரும்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பெப்ரவரி இரவு, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்ப் பெயர். எனக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னாராம். கடந்த வருடக் கணக்கை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வேர்ட் கோப்பு. நான் அதைத் தரவிறக்கவில்லை. ஜிமெயிலுக்குள்ளேயே அழுத்திப் பார்த்தேன். கெட்டித்தனத்தால் அல்ல, அன்று என் கணினியில் வேர்டின் உரிமம் முடிந்திருந்தது. கோப்பில் கணக்கு எதுவும் இல்லை. "இந்த ஆவணம் பாதுகாக்கப்பட்டுள்ளது, படிக்க வேண்டுமானால் மேலே உள்ள மஞ்சள் பட்டையை அழுத்தி அனுமதி கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு படம் மட்டும் இருந்தது. உலாவியில் அந்த மஞ்சள் பட்டையே கிடையாது. அழுத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் மூடிவிட்டேன்.

அது வேர்டுக்குள் திறந்து அனுமதி கொடுத்திருந்தால் ஒரு சிறு நிரலை ஓடவிடும் தந்திரம். புதிய வாடிக்கையாளர் போல எழுதி வரி தயாரிப்பவர்களைப் பிடிக்கும் இந்த வகை மின்னஞ்சல் பற்றி அமெரிக்க வருமான வரித் திணைக்களமே எச்சரித்து வருகிறது. இணையத்தில் இருந்து வரும் கோப்புகளில் இத்தகைய நிரல்கள் ஓடுவதை மைக்ரோசொப்ட் 2022இல்தான் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. பழைய வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடையும் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான், நான் தற்செயலாகச் செய்ததை ஓர் அகதிச் சமூகம் முழுவதும் திட்டமிட்டே பழகியிருக்கிறது என்று தெரிந்தது. அவர்கள் திபெத்தியர்கள்.

2009 மார்ச்சில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களும் கோஸ்ட்நெட் என்ற வேவு வலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பத்து மாத விசாரணை. 103 நாடுகளில் 1,295 கணினிகள் அந்த வலைக்குள் விழுந்திருந்தன. வெளிநாட்டு அமைச்சுகள், தூதரகங்கள் இருந்தன. தர்மசாலாவில் தலாய் லாமாவின் தனிப்பட்ட அலுவலகமும் இருந்தது. உள்ளே புகுந்த நிரலால் கோப்புகளை எடுத்துச் செல்ல முடியும், தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்ய முடியும், கணினியின் ஒலிவாங்கியையும் கமராவையும் உரியவருக்குத் தெரியாமல் இயக்க முடியும். பின்னால் இருந்தது சீன அரசுதான் என்று அறிக்கை முடிவாகச் சொல்லவில்லை. சீனா மறுத்தது.

அவ்வளவும் எந்த வழியால் நுழைந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. மின்னஞ்சலில் இணைத்த ஒரு வேர்ட் கோப்பு. திபெத்துக்காகக் குரல்கொடுக்கும் ஓர் அமைப்பின் முகவரியில் இருந்து வந்ததுபோல் இருந்தது. நாடுகடந்து வாழும் திபெத்தியர்களின் அடையாளப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று பெயர். எந்தத் திபெத்தியர் அதைத் திறக்காமல் இருப்பார்? அந்தக் கோப்பை ஆய்வாளர்கள் 34 வைரஸ் தடுப்பு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தபோது 11 மட்டுமே அதை இனங்கண்டன. வைரஸ் தடுப்புப் போட்டிருக்கிறேன், எனக்கென்ன பயம் என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது.

நமக்கும் அப்படி நடந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் நம்மிடம் வரும் கோப்புகளின் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியல். ஜெனீவாத் தீர்மானத்தின் தமிழாக்கம். மாவீரர் நாள் அழைப்பிதழ். நம் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்க அறிக்கை. நாமும் யோசிக்காமல் திறந்துவிடுவோம்.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி ஒரு பெண்ணைப் பற்றியது. தர்மசாலாவில் இணைய உரையாடல் வேலை செய்த ஓர் இளம் திபெத்தியப் பெண், தன் ஊருக்குத் திரும்பும் வழியில் நேபாள எல்லையில் பிடிக்கப்பட்டு இரண்டு மாதம் தடுத்துவைக்கப்பட்டார். அரசியலில் ஈடுபடவில்லை, படிக்கத்தான் போனேன் என்றாராம். விசாரித்தவர்கள் ஒரு கோவையை எடுத்து வைத்தார்கள். அதில் அவர் பல வருடங்களாக இணையத்தில் பேசியவை அச்சடித்து இருந்தன.

நம் வீட்டுக் கோப்புகளிலும் ஊரில் இருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன. புகலிட வழக்குக்காக எழுதிய சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கொடுத்த கடிதம், சமாதான நீதவானின் கையெழுத்து, காணி உறுதி, யார் யாருக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்ற குறிப்பு. நான் நியூ ஜேர்சியில் பத்திரமாக இருக்கிறேன் என்பதால் அந்தக் கோப்பில் உள்ளவர்களும் பத்திரம் என்று ஆகிவிடாது.

திபெத் அக்சன் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு தன் மக்களிடையே ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. இணைப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குப் பற்று என்ற பொருளும் உண்டு. புத்த சமயத்தவர்கள் அல்லவா, பற்றை விடுங்கள் என்ற உபதேசத்தையே மின்னஞ்சல் இணைப்புகளுக்கும் பொருத்திச் சுலோகமாக்கினார்கள். (எனக்குப் பற்று என்றதும் பற்றும் வரவும்தான் முதலில் நினைவுக்கு வரும். அது தொழில் குற்றம்.) அவர்கள் சொன்னது இதுதான்: இணைப்பாக அனுப்பாதீர்கள், இணைப்பாக வந்ததைத் திறக்காதீர்கள், கூகிள் டிரைவ் போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பகிருங்கள், அங்கேயே உலாவியில் படியுங்கள்.

இதனால் என்ன மாறுகிறது? கோப்பைத் தரவிறக்கித் திறந்தால் அதைப் படிப்பது உங்கள் கணினியில் உள்ள வேர்ட். அந்த வேர்டில் ஓட்டை இருந்தால், அதற்கென்றே செய்த கோப்பு அதற்குள்ளால் புகுந்துவிடும். அப்படியான ஒரு பெரிய ஓட்டையை மைக்ரோசொப்ட் 2012 ஏப்ரலில் அடைத்தது. அடைத்த பிறகும் வருடக்கணக்காக அதே ஓட்டை பயன்பட்டது, ஏனென்றால் பலர் புதுப்பிக்கவே இல்லை. கூகிள் டிரைவிலோ ஜிமெயிலிலோ பார்க்கும்போது கோப்பைப் படிப்பது கூகிளின் கணினி. அது பக்கங்களைக் காட்சியாக மாற்றி உங்கள் உலாவிக்கு அனுப்புகிறது. கோப்பு உங்கள் வேர்டைத் தொடுவதே இல்லை. 100 மெகாபைட்டுக்கு உட்பட்ட கோப்புகளைக் கூகிள் வைரஸ் உண்டா என்றும் சோதிக்கிறது.

உலாவிக்கும் கோப்பின் காட்சி வந்து சேரத்தான் வேண்டும், ஆகவே ஒன்றுமே இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. தற்காலிகமாக ஒரு பிரதி கணினியில் தங்கும். உலாவியும் கோட்டை அல்ல. பயர்பொக்ஸ் 2013இலேயே பிடிஎப் கோப்புகளைத் தனக்குள் காட்டத் தொடங்கியது. 2015 ஓகஸ்டில் அந்தக் காட்டும் பகுதியிலேயே ஓர் ஓட்டை பிடிபட்டு அவசரமாக அடைக்கப்பட்டது. ஆனால் உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். நம் வீடுகளில் உள்ள வேர்ட் அப்படி அல்ல, யாரோ உறவினர் எந்த வருடமோ போட்டுக் கொடுத்தது.

செய்முறை சுலபம். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் கடிதத்தின் அடியில் இணைப்பு ஒரு சிறு பெட்டியாக இருக்கும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரியும், அதுதான் தரவிறக்கம். அதைத் தொடாமல் பெட்டியின் நடுவில் அழுத்தினால் அங்கேயே விரியும். விரிந்த ஆவணத்துக்குள் ஏதாவது சுட்டி இருந்தால் அழுத்த வேண்டாம். உலாவியில் பார்ப்பதால் அந்தச் சுட்டி சுத்தமாகிவிடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய சிப் கோப்பு வந்து, கடவுச்சொல்லும் அதே கடிதத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பூட்டியிருந்தால் கூகிளால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காகவே பூட்டுகிறார்கள். கணினியில் காட்ட முடியாத கோப்பு என்று வந்தால், தரவிறக்கிப் பார்ப்போம் என்று போகாமல், அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் ஆவணங்கள் தானாகவே இறங்குவதை அமைப்புகளுக்குள் போய் நிறுத்தலாம். நம் குடும்பக் குழுக்களில் வந்து குவிவதைப் பார்த்தால், இடம் மிச்சமாகும் என்பதற்காகவாவது நிறுத்த வேண்டும்.

திபெத்தியர்களின் கதை இத்துடன் முடியவில்லை. சிட்டிசன் லாப் பத்து அமைப்புகளை நான்கு வருடம் கவனித்து 2014இல் ஓர் அறிக்கை தந்தது. பிறகு 2016 மார்ச்சில் இன்னொன்று. வருடக்கணக்காகத் திபெத்தியர்களுக்கு நச்சு இணைப்புகளை அனுப்பிய ஒரு கூட்டம் வழியை மாற்றிவிட்டது என்பது அதன் செய்தி. இணைப்புகளை இவர்கள் திறப்பதில்லை, கூகிளில்தான் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்றால், கூகிள் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டால் போகிறது. கூகிளின் நுழைவுப் பக்கம் போலவே ஒரு பொய்ப் பக்கத்தைச் செய்து, உங்களோடு ஒரு கோப்புப் பகிரப்பட்டுள்ளது என்று அங்கே அனுப்பினார்கள்.

2017 மே 3ஆம் திகதி இதைவிடத் தந்திரமாக ஒன்று அமெரிக்காவெங்கும் பரவியது. தெரிந்தவர் ஒருவர் கூகிள் டொக்ஸில் ஆவணம் பகிர்ந்ததாக மின்னஞ்சல். அழுத்தினால் கூகிளின் உண்மையான பக்கமே வந்தது. அங்கே "கூகிள் டொக்ஸ்" என்று பொய்ப் பெயர் வைத்த ஒரு செயலி உங்கள் மின்னஞ்சலைப் படிக்க அனுமதி கேட்டது. கொடுத்தவர்களின் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அது தானாகப் போனது. கூகிள் சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டது.

ஆகவே உலாவியில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் நுழைவு வாசல். நீங்கள் ஏற்கெனவே ஜிமெயிலுக்குள் இருக்கும்போது ஒரு பகிர்வு மறுபடியும் கடவுச்சொல் கேட்டால் நிறுத்துங்கள். புதிய தாவலைத் திறந்து, நீங்களே கூகிள் டிரைவுக்குப் போய், "என்னுடன் பகிர்ந்தவை" என்ற இடத்தில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள். ஒரு கோப்பைப் பார்ப்பதற்கு எந்தச் செயலிக்கும் உங்கள் மின்னஞ்சலைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. இரண்டு படி நுழைவைப் போட்டுவையுங்கள். என் வாடிக்கையாளர்களில் அறுபது கடந்த அம்மாமாரே பத்து நிமிடத்தில் போட்டுவிட்டார்கள், பிள்ளைகள்தான் பஞ்சிப்படுகிறார்கள்.

அனுப்புபவர் பக்கமும் சொல்ல வேண்டும். இணைத்து அனுப்பிய கடிதம் போனது போனதுதான். உங்கள் வரிக் கணக்கு என் பெட்டியிலும் உங்கள் பெட்டியிலும் பத்து வருடம் கிடக்கும். டிரைவில் பகிர்ந்தால், வேலை முடிந்ததும் என் பெயரை நீக்கிவிடலாம். பகிரும்போது "இணைப்பு உள்ள எவரும்" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டாம். அந்த முகவரி யார் கைக்குப் போனாலும் திறக்கும். உரியவரின் மின்னஞ்சலை எழுதி, பார்வையாளர் என்ற உரிமை மட்டும் கொடுங்கள். பார்வையாளர் தரவிறக்கவோ அச்சிடவோ முடியாதபடியும் செய்யலாம். அவர் திரையைப் படமெடுப்பதை அது தடுக்காது, ஆகவே நம்பாத ஒருவரிடம் அதை நம்பிக் கொடுக்காதீர்கள்.

நூலகக் கணினியில் படிப்பவர்களுக்கு: வந்த புதிதில் நானும் நூலகத்தில்தான் எல்லாம் பார்த்தேன். அங்கே தரவிறக்கினால் அடுத்தவர் வந்து அமரும்போதும் அது அங்கே கிடக்கக்கூடும். தனிப்பட்ட சாளரத்தில் பாருங்கள், எழும்பும்போது வெளியேறுங்கள்.

கூகிளிடம் இருப்பதைக் கூகிளால் பார்க்க முடியும், அமெரிக்க நீதிமன்றம் ஆணையிட்டால் கொடுக்கவும் வேண்டும். இது தெரிந்தேதான் திபெத்தியர்கள் அதைத் தெரிந்தார்கள். நானும் அதே கணக்கைத்தான் போடுகிறேன். உங்கள் புகலிட வழக்கறிஞர் வேறு வழி சொன்னால் அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

தரவிறக்கியே ஆக வேண்டியவையும் உண்டு. இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளைக் கூகிள் அழிக்கலாம் என்பது 2023இல் அறிவித்த விதி, அந்த டிசம்பரில் அழிக்கத் தொடங்கினார்கள். யாகூ குழுமங்களில் வைத்திருந்த கோப்புகளும் படங்களும் போனது இந்த வயதில் உள்ள பலருக்கு ஞாபகம் இருக்கும். அதன் கதவு 2020 டிசம்பரில் முற்றாக மூடியது. இறந்த தகப்பனின் கணக்கில் காணி உறுதியின் ஒரே பிரதி இருந்து, கடவுச்சொல் தெரியாமல் நின்ற குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். ஆகவே வரிப் படிவங்களைக் குறைந்தது மூன்று வருடம், வருமானத்தில் கால் பங்குக்கு மேல் காட்டாமல் விட்டிருந்தால் ஆறு வருடம் வைத்திருங்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், புகலிடத் தீர்ப்பு ஆகியவற்றைக் காலவரை பார்க்காமல் வைத்திருங்கள். இவை நீங்களே ஸ்கான் செய்தவை அல்லது யாரிடம் இருந்து வந்தது என்று தெரிந்தவை. அவற்றை இறக்கி, கணினியோடு எப்போதும் பொருத்தியிராத ஒரு வன்தட்டில் வைத்து, அது எந்த லாச்சிக்குள் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.