முந்நூறு ஈச்சங்கன்றுகள்

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில், மதீனாவைக் காக்க அகழ் தோண்டலாம் என்று யோசனை கூறியவர் ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். பத்ரிலும் உஹதிலும் அவர்கள் ஏன் இல்லை என்று கேட்போர் குறைவு. அப்போதும் மதீனாவில்தான் இருந்தார்கள், இன்னொருவரின் உடைமையாக.

அவர்கள் பிறவி அடிமையல்லர். இஸ்ஃபஹான் பகுதியில், ஊர்த்தலைவர் ஒருவரின் செல்ல மகன். சத்தியத்தைத் தேடி ஷாம், மோஸுல், நஸீபீன், அம்மூரிய்யா என்று அலைந்து துறவிகளிடம் பயின்றார்கள். இறுதித்தூதர் அரபு மண்ணில் தோன்றும் காலம் நெருங்கிவிட்டது என்று அம்மூரிய்யாவின் ஆசான் சொல்லி மறைந்தார். அங்கு உழைத்துச் சேர்த்த பசுக்களையும் ஆடுகளையும் கல்பு குலத்து வணிகர்களிடம் கொடுத்து, தம்மை அரபு நாட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார்கள். வணிகர்கள் இசைந்தனர். வாதில்குராவை அடைந்ததும் அவர்களை அடிமையாக விற்றுவிட்டனர். பத்துக்கும் மேற்பட்ட எஜமானர்களிடம் கைமாறியதாக ஸல்மான் (ரலி) அவர்களே பின்னாளில் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது.

இங்கே சற்று நிற்க வேண்டும். அவர்களை யாரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. பயணக் கூலியைத் தாமே கொடுத்து, தாமே விரும்பிப் புறப்பட்டார்கள். தமக்காகச் சாட்சி சொல்ல ஒருவருமில்லாத ஊரில்தான் துரோகம் நடந்தது. இன்று ஆள்கடத்தலுக்கு இரையாகும் பலரின் கதையும் இதுவே. முன்பணம் வாங்கிக்கொண்டு, வேலை விசாவென்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புவர். சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவர். பேசிய வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று. சம்பளம் கடனில் கழியும். வீட்டுக்குப் பேசும்போது அருகில் ஒருவர் நின்று கேட்பார். "விரும்பித்தானே போனான்" என்று திண்ணையில் பேசுவோர் வாதில்குராவை நினைத்துக்கொள்ளட்டும். சுதந்திரமானவனை விற்று அதன் விலையை உண்பவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதும் புகாரியில் பதிவான செய்திதான்.

இஸ்லாத்தை ஏற்றபின் எஜமானருடன் விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். விலை: 300 ஈச்சமரங்கள் நட்டு வளர்த்தல், 40 ஊக்கியா தங்கம். தனியொருவரால் ஆகக்கூடியதா இது? சகோதரருக்கு உதவுமாறு நபியவர்கள் சொன்னதும் தோழர்கள் 30, 20, 15, 10 எனத் தம்மால் இயன்ற கன்றுகளைக் கொண்டுவந்தனர். குழிகளும் கூடித் தோண்டப்பட்டன. கன்றுகளை நபியவர்கள் தம் கரங்களாலேயே நட்டார்கள், ஒன்றும் பட்டுப்போகவில்லை. பின்னர் நபியவர்களிடம் வந்த தங்கத்தால் மீதிக் கடனும் தீர்ந்தது. விடுதலையை விரும்புவோருடன் ஒப்பந்தம் செய்து பொருளும் கொடுக்குமாறு அந்நூர் அத்தியாயத்தின் 33-ஆம் வசனம் பணிக்கிறது. ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று அடிமை மீட்புக்குரியது. அந்தப் பங்கை இன்று எத்தனை ஜமாஅத்துகள் நினைக்கின்றன?

இக்காலத்துக் கன்றுகள் வேறு. ஏஜெண்டுக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துத் தருவது ஒன்று. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைப்பது மற்றொன்று. அயல்நாட்டில் சிக்கியவர் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். உள்நாட்டில் அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, சிறுவர்களுக்கு 1098. மீண்டு வந்தவரிடம் என்ன நடந்ததென்று துருவுவதற்கு முன், அவர் பெயரில் நிற்கும் வட்டிக்கடனை அடைக்க முடியுமா என்று பார்ப்பதே மஹல்லாவின் முதல் வேலை.

விடுதலையானபின் ஸல்மான் (ரலி) அவர்கள் கலந்துகொண்ட முதல் போர் அகழ்ப்போர். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதாயின் நகரின் ஆளுநரானார்கள். அப்போதும் ஈச்ச ஓலை முடைந்து, அந்தக் கூலியிலேயே உண்டார்கள்.