தெளிந்த நீரும் தூய நீரும்

காட்டுவழியிலும் மலைவழியிலும் நடப்பவர்களின் முதுகில் ஏறும் சுமைகளில் மிகப் பெரியது குடிநீர்தான். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நாள் முழுதும் ஏறி இறங்குபவருக்கு மூன்று நான்கு லிட்டராவது வேண்டும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கான நீர் அனைத்தையும் சுமந்து செல்வது பெரும்பாலோர்க்கு இயலாத செயல். ஆகவே வழியில் எதிர்ப்படும் ஓடையையோ சுனையையோ நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நீரைக் குடிக்கத் தக்கதாக்க எந்த வழியைத் தேர்வது? காய்ச்சுவதா, வடிகட்டுவதா, மாத்திரை போடுவதா, புற ஊதா விளக்கைக் காட்டுவதா?

இவ்வழிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு பகையை எதிர்கொள்ளப் பிறந்தவை. எந்த வழி எந்தப் பகையை வெல்லப் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். எனவே கடைக்குச் செல்லுமுன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நீரைப் பற்றிப் பேசும்போது தெளிவு, தூய்மை என்ற இரு சொற்களையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் புழங்குவது நம் வழக்கம். தெளிவு கண்ணால் அறியத்தக்கது. தூய்மை அப்படியன்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை மனிதர்கள் பல்லாயிரம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

தேற்றாங்கொட்டையும் பழந்துணியும்

கலங்கிய நெஞ்சம் தெளிவதற்கு, தேற்றா விதையால் தெளியும் நீரை உவமையாக்குகிறது கலித்தொகை. இல்லம் என்பது அம்மரத்துக்கு அந்நூல் தரும் பெயர். உவமையாகக் கையாளும் அளவுக்கு அது அன்றாடச் செயலாக இருந்திருக்கிறது! மட்பாண்டத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்துவிடும். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதந்துகொண்டே இருக்கும். விதையிலிருந்து கரையும் பொருள் அவற்றைப் பிணைத்துத் திரளாக்க, பாரம் கூடிய திரள் கீழே இறங்கிவிடுகிறது. நகராட்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே.

வடமொழியில் சுசுருத சம்ஹிதை கலங்கல் நீரைத் தெளிவிக்கும் பொருள்கள் ஏழினைக் கூறுகிறது. தேற்றாங்கொட்டையும் துணியும் அவற்றுள் அடங்கும். நீரைக் காய்ச்சுவதையும், வெயிலில் வைப்பதையும், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதில் தோய்ப்பதையும் அந்நூல் குறிப்பிடுகிறது.

இவற்றுள் துணியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். வங்கதேசத்துக் கிராமங்களில் நடத்தப்பெற்று 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பழைய புடவையை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்திய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று காட்டியது. காலராக் கிருமி துணியின் இழைகளுக்கிடையே எளிதாக நுழைந்துவிடக்கூடியது. எனினும், அது பெருமளவில் ஒட்டி வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் சிக்கிக்கொள்கின்றன. புதுத்துணியைவிடப் பல முறை துவைத்து நைந்த துணியே சிறந்தது என்பதையும் கண்டார்கள். ஆனால் பாதிதான் குறைந்தது என்பதை மறந்துவிடலாகாது. மீதிப் பாதி, தெளிவுக்கும் தூய்மைக்கும் இடையிலுள்ள தொலைவு.

மன்னனின் வெள்ளிக் குடம்

பயணத்துக்கென்று நீரைப் பக்குவம் செய்த மிகப் பழைய செய்திகளுள் ஒன்றை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தருகிறார். பாரசீகப் பேரரசர் படையெடுத்துச் செல்லும்போது சூசா நகரை ஒட்டி ஓடும் கோவாஸ்பெஸ் ஆற்றின் நீரைத் தவிர வேறு எதையும் அருந்துவதில்லையாம். அந்நீரைக் காய்ச்சி, வெள்ளிப் பாத்திரங்களில் நிரப்பி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் ஏற்றி, மன்னர் செல்லுமிடமெல்லாம் கொண்டு சென்றார்கள்.

ஏன் காய்ச்சினார்கள் என்பதற்கு ஹெரோடோட்டஸ் காரணம் கூறவில்லை. நோய்க்கு நுண்ணுயிர்கள் காரணம் என்பதை அறியாத காலம் அது. ஆயினும் காய்ச்சுதல், வெள்ளி ஆகிய இரண்டுமே கிருமிகளை அடக்குபவை என்று இன்று நாம் அறிவோம். நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அது மன்னருக்கு மட்டும் உரிய நீர். பின்னே நடந்த படைவீரன் வழியில் கிடைத்ததைக் குடித்தான். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும், கலம் வேண்டும், ஆறும்வரை பொறுமை வேண்டும். இம்மூன்றும் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

சுவையான நீரில் வந்த சாவு

1854-ஆம் ஆண்டு இலண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருவிலிருந்த அடிகுழாய் நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ வாதிட்டார். அவர் திரட்டிய சான்றுகளுள் ஒன்று நெஞ்சைத் தைப்பது. முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த கைம்பெண் ஒருவர், நகருக்கு வெளியே ஹாம்ப்ஸ்டெட்டில் குடியேறிவிட்டார். ஆயினும் அந்தக் குழாய் நீரின் சுவையை மறக்க இயலாமல், நாள்தோறும் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் காலராவே இல்லாதிருந்தபோது அவர் மட்டும் காலராவால் மாண்டார். கண்ணும் நாவும் நன்றென்று கூறிய நீர் அது!

முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளமொன்றின் நீரிலும் அதைக் கண்டார். பகை இன்னதென்று தெரிந்துவிட்டது. இனி வெல்வது எளிது என்றுதானே தோன்றும்?

மோடர் ஆற்றங்கரையில்

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆங்கிலோ போயர் போர் அந்த நம்பிக்கையைச் சிதைத்தது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பார்டபெர்க் என்னுமிடத்தில் பிரித்தானியப் படை போயர் படையைச் சூழ்ந்துகொண்டு மோடர் ஆற்றங்கரையில் பல நாள் தங்கியது. போயர் முகாமில் மாண்ட குதிரைகளும் மாடுகளும் அந்த ஆற்றில்தான் மிதந்து வந்தன. நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியாததன்று. மரங்களற்ற அந்தப் புல்வெளியில் விறகு அரிது. படையினரிடம் வடிகட்டிகள் இருந்தன. ஆனால் சேற்று நீரில் அவை விரைவில் அடைத்துக்கொண்டன. வெயிலில் நெடுந்தொலைவு நடந்து நா வறண்டவன், சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும்வரை காத்திருப்பானா? ஆற்றில் இறங்கி அள்ளிக் குடித்தான்.

அடுத்த மாதம் புளூம்ஃபான்டைன் நகரைக் கைப்பற்றிய படைக்குள் டைஃபாய்டு காய்ச்சல் காட்டுத்தீயாகப் பரவியது. நகருக்கு நீர் வழங்கிய நிலையத்தை மார்ச் இறுதியில் போயர்கள் பிடித்துக்கொண்டதால் பழைய கிணறுகளை நாட வேண்டியதாயிற்று. ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், மருத்துவராக அந்நகரில் பணியாற்றினார். கிரிக்கெட் மைதானத்தில் அமைந்த அவரது மருத்துவமனை குண்டடி பட்டவர்களுக்கென வந்தது. நிரம்பியதோ காய்ச்சல்காரர்களால்! அப்போர் முடிந்தபோது பிரித்தானியத் தரப்பில் இறந்தோர் சுமார் 22,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நோயால் மாண்டவர்கள். டைஃபாய்டு ஒன்றுக்கே எட்டாயிரம் பேர் பலியானார்கள்.

அறிவு இருந்தது, கருவி இருந்தது, கட்டளையும் இருந்தது. களைத்தவனின் கைக்கு எட்டும் வழி மட்டும் இல்லை. ஒரு முறை எவ்வளவு சிறந்தது என்பதை ஆய்வுக்கூடம் கூறலாம். அது பயன்படுமா என்பதைத் தாகம்தான் தீர்மானிக்கிறது.

வடிகட்டியைக் கடந்து சென்றது

அந்நாளைய வடிகட்டிகளின் கதையும் சுவையானதே. 1884-இல் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் சாம்பர்லாண்ட், மெருகிடாத பீங்கானால் மெழுகுவத்தி வடிவில் ஒரு குழலைச் செய்தார். பாக்டீரியாக்களை அது தடுத்து நிறுத்தியது. பல வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்குள் நின்ற வெள்ளைக் ‘கேண்டில்’ அதன் வழித்தோன்றல்தான். 1892-இல் ருஷ்ய அறிஞர் டிமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை அக்குழலில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவினும் சிறிய ஏதோ ஒன்று அதைக் கடந்து சென்றிருந்தது. வைரஸ் என்ற பகை உலகில் உண்டு என்பதற்கு முதல் தடயத்தைத் தந்தது, நம்பகமானது என்று கருதப்பட்ட அதே வடிகட்டி!

மாத்திரைகளின் காலம்

விறகும் வேண்டாம், காத்திருப்பும் குறைவு என்ற வழியை வேதியியல் தந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பெரிய துணிப்பையில் நீரை நிரப்பிக் குளோரின் தூளைக் கலந்தார்கள். அதை வடிவமைத்த படைமருத்துவர் வில்லியம் லிஸ்டரின் பெயரையே அந்தப் பை பெற்றது. 1917-இல் டேக்கின், டன்ஹம் இருவரும் ஹாலசோன் மாத்திரையை அறிமுகப்படுத்தினர். படைவீரனின் குடுவைக்குள்ளேயே நீர் பக்குவமாகும் காலம் பிறந்தது.

ஆனால் அமீபா வயிற்றுப்போக்கை உண்டாக்கும் உயிரி தடித்த கூட்டுக்குள் ஒடுங்கி நீரில் மிதக்கும்போது, ஹாலசோன் அதனிடம் தோற்றது. எனவே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டு அறிஞர்கள் அயோடின் மாத்திரையை உருவாக்கினர். அயோடினும் நெடுநாள் வெற்றி கொண்டாட இயலவில்லை. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், முறையாகக் குளோரின் கலந்த நகராட்சி நீரைக் குடித்தவர்களுள் சுமார் நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் அவதியுற்றதாகக் கணக்கிட்டார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியே காரணம். குளோரினும் அயோடினும் அதன் கூட்டை எளிதில் துளைப்பதில்லை. அதன் அளவோ ஐந்து மைக்ரான் அளவினது. நுண்துளை வடிகட்டியில் எளிதாகச் சிக்கிவிடும்!

ஆகவே, எதைத் தேர்வது?

இவ்வரலாறு நமக்குத் தருவது ஓர் எளிய கணக்கு. நுண்துளை வடிகட்டி பெரிய பகைகளான ஒட்டுண்ணிகளையும் பாக்டீரியாவையும் நிறுத்தும், வைரஸை விட்டுவிடும். குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும். கூட்டுக்குள் ஒடுங்கிய ஒட்டுண்ணியிடம் தடுமாறும். ஒன்றன் குறையை மற்றது நிறைவு செய்கிறது. மனிதர் குடியிருப்புக்கு மேலே, ஆளரவமற்ற உயரத்தில் பிறக்கும் ஓடையாயின் வடிகட்டியே பெரும்பாலும் போதும். திருவிழாக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏறும் வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற மலைகளில் நிலைமை வேறு. மனிதக் கழிவால் பரவுவது வைரஸ். ஆகவே வடித்த நீரில் மாத்திரையும் இட்டு, உறையில் குறித்த நேரம் காத்திருப்பதே நலம். நீர் குளிர்ந்திருந்தால் கூடுதல் நேரம் வேண்டும்.

புற ஊதா விளக்கு மூவகைப் பகைகளையும் அடக்கும். கலங்கல் நீரில் மட்டும் அதன் ஒளி ஊடுருவாது. நீர் கலங்கலாக இருந்தால், எந்த வழியாயினும், முதலில் தெளியவைத்துத் துணியில் வடிப்பது அவசியம். அங்கே தேற்றாங்கொட்டையின் அறிவு இன்றும் பயன்படுகிறது. இமயமலை செல்வோர் நுண்குழல் வடிகட்டியை இரவில் உறையவிடக் கூடாது. உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும். வெடித்தது வெளியே தெரியாது.

காய்ச்சுதல் மட்டும் பகை இன்னதென்று கேட்பதில்லை. உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுமே என்று சிலர் ஐயுறுவர். தொட்டபெட்டா உச்சியில் ஏறத்தாழ 91 பாகையில் கொதிக்கிறது. கிருமிகளைக் கொல்ல அதுவே போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம். அனுமதி பெற்ற முகாமில் அடுப்பு இருந்தால் இரவே காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளலாம்.

தேயிலைத் தோட்டங்களுக்கோ வயல்களுக்கோ கீழே ஓடும் நீரைப் பற்றி ஒரு சொல். அதில் கலந்திருக்கும் பூச்சிமருந்தை இம்முறைகளுள் எதுவும் அகற்றாது. காய்ச்சினால் நீர்தான் குறையும், நஞ்சு குறையாது. அங்கே தேர்வு முறையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இன்னும் மேலே ஏறி, தோட்டத்தைத் தாண்டி நீர் எடுக்க வேண்டும்.

பயணத்துக்கு முன் நீங்கள் தேர்ந்த முறையை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, சுவை ஒத்துக்கொள்கிறதா, கடுந்தாகத்தில் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க உங்களால் இயலுமா? இயலாது என்று தோன்றினால் வேறு முறையைத் தேர்ந்தெடுங்கள். மோடர் ஆற்றங்கரையில் மாண்டவர்களிடமும் வடிகட்டி இருந்தது.