கேமரா சம்மன் வந்தால் கட்டுவதா, வழக்காடுவதா?

தங்காக் வட்டாரத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் இது வழக்கமான காட்சி. மோட்டார் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். சிவப்பு விளக்கைத் தாண்டியதாகக் கடிதம் வரும்போது, அதில் இருப்பது அப்பாவின் பெயர். “கட்டித் தொலைத்துவிடலாம்” என்பார் ஒருவர். “நாம் போகவே இல்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்” என்பார் இன்னொருவர். “போட்டு வையுங்கள், எப்படியும் தள்ளுபடி வரும்” என்பார் மூன்றாமவர். இந்த மூன்றில் எது சரி என்பது கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

காத்திருந்தால் ரத்தாகுமா?

இந்த நம்பிக்கை சும்மா பிறந்ததல்ல. ஏஇஎஸ் எனப்படும் தானியங்கி கேமரா முறை 2012 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது அபராதம் 300 ரிங்கிட். அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்த வழக்குகளை நிறுத்தி வைத்தது. 2017இல் இந்த முறை ‘அவாஸ்’ என்று பெயர் மாறியது. 2018இல் அரசாங்கமே கேமராக்களைப் பொறுப்பேற்றபோது, அதற்கு முன் கட்டப்படாமல் கிடந்த சுமார் 31 லட்சம் சம்மன்கள் ரத்து செய்யப்பட்டன.

அது ஒரு முறை நடந்தது. அதை நம்பி இன்று காத்திருப்பது நஷ்டம். 2026 ஜனவரி 1 முதல் போலீஸ், ஜேபிஜே இரண்டுக்கும் ஒரே முறை நடப்பில் உள்ளது. 15 நாள்களுக்குள் கட்டினால் பாதி கழிவு. 16 முதல் 30 நாள் வரை 33 விழுக்காடு கழிவு. 31 முதல் 60 நாள் வரை முழுத் தொகை. அதற்கு மேல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு.

முதலில் படத்தைப் பாருங்கள்

சம்மன் உண்மையா என்பதை மைஜேபிஜே செயலியிலோ, போலீஸ் சம்மன் என்றால் மைபாயார் தளத்திலோ பாருங்கள். வாட்ஸ்அப்பில் “உங்களுக்குச் சம்மன் உள்ளது” என்று வரும் இணைப்பையும் ஏபிகே கோப்பையும் தொடவே வேண்டாம். வங்கிக் கணக்கே காலியாகலாம்.

பிறகு படம். சிவப்பு விளக்குக் கேமரா வழக்கில் பார்க்க வேண்டியவை இவை: வண்டி எண் தெளிவாக உள்ளதா, வண்டியின் வகையும் நிறமும் உங்களுடையதுதானா, நிறுத்தக் கோட்டைத் தாண்டும்போது விளக்கு சிவப்பாக இருந்ததா, தேதியும் நேரமும் இடமும் பொருந்துகின்றனவா.

எதிர்ப்பதற்குத் தகுந்த காரணங்கள்

• படத்தில் இருப்பது உங்கள் வண்டி அல்ல. எண்ணை வேறு யாரோ போலியாகப் பயன்படுத்தியிருக்கலாம். இப்படித் தெரிந்தால் உடனே போலீஸ் புகார் செய்யுங்கள்.
• சம்பவத்துக்கு முன்பே வண்டியை விற்றுப் பெயர் மாற்றம் முடித்ததற்கான பத்திரம் இருக்கிறது.
• அந்தச் சந்திப்பில் போலீஸ்காரர் நின்று கைகாட்டிப் போகச் சொன்னார்.
• ஆம்புலன்ஸுக்கு வழிவிட முன்னே நகர வேண்டியிருந்தது. காரில் பதிவுக் கேமரா உள்ளது.

எடுபடாத காரணங்கள்

“பின்னால் லோரி நெருங்கியது”, “யாரும் வரவில்லை”, “மஞ்சளில்தான் போனேன்” என்பவை படத்தின் முன் நிற்காது. மஞ்சள் என்பது வேகத்தைக் கூட்டுவதற்கு அல்ல. பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவருக்கு மட்டுமே அது வழிவிடுகிறது. சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம் என்ற எண்ணமும் தவறு. பச்சை அம்போ, தனிப் பாதையோ இருந்தால்தான் திரும்பலாம்.

ஓட்டியது யார்?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, ஓட்டியவர் யார் என்று உரிமையாளரிடம் கேட்க அதிகாரம் தருகிறது. கெடுவுக்குள் உண்மையான பெயரைக் கொடுங்கள். இதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. சிவப்பு விளக்குக் குற்றத்துக்குக் கெஜாரா முறையில் 4 புள்ளிகள். ‘பி’ உரிமம் வைத்திருக்கும் பிள்ளைக்குப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகலாம். லோரி, பள்ளி வேன் ஓட்டுபவருக்கு உரிமம்தான் சோறு. அதற்காக ஓட்டாத பாட்டியின் பெயரை எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். சிறிய சம்மன் பெரிய வழக்காகிவிடும். கையில் வாங்கிய மோட்டாரைப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்களும் யோசிக்க வேண்டும்: சம்மன் போவது பழைய உரிமையாளர் வீட்டுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால், 79(2) பிரிவின்படி அபராதம் 300 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 2,000 ரிங்கிட் வரை போகலாம். அதோடு நாள் கூலியும் போகும். குற்றம் நடந்த இடத்தின் நீதிமன்றத்தில்தான் பொதுவாக வழக்கு வரும். ஜொகூர்பாருவில் பிடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். விசாரணை கேட்டால் ஒரு முறையோடு முடியாது.

ஆகவே படம் தெளிவாக இருந்து, ஓட்டியதும் நீங்களே என்றால், 15 நாளுக்குள் கட்டிவிடுவதே இலாபம். ஆதாரம் உங்கள் பக்கம் இருந்தால், பணம் கட்டாதீர்கள்; கட்டினால் குற்றத்தை ஏற்றதாகிவிடும். முதலில் சம்மன் அனுப்பிய அலுவலகத்துக்கு ஆதார நகலுடன் கடிதம் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நம் பக்கத்தவர்கள் ஜேபிஜே விவகாரத்துக்கு மூவார் கிளையையும், போலீஸ் சம்மனுக்குத் தங்காக் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தையும் அணுகலாம்.

நீதிமன்றம் போக நேர்ந்தால்

குறித்த தேதியில் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் கைது ஆணை பிறக்கலாம். வழக்கறிஞர் இல்லாமலும் பேசலாம். மலாய் சரளமாக வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தால், வருமானம், பிள்ளைகள், இதுவரை குற்றப்பதிவு இல்லாதது ஆகியவற்றைச் சொல்லி அபராதத்தைக் குறைக்கக் கேட்கலாம். சம்பளச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கடிதம் வந்த அன்றே தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். அன்று மாலையே படத்தை வைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டிய பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள். முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.